உங்களுக்குத் தெரியுமா? – ஆங்கிலம் மரியாதையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது?

● யாழ்ப்பாணத்தின் உடுப்பிட்டி என்ற ஊர்ப்பெயரே ஒரு காலத்தில் கொழும்புப் பாராளுமன்றத்தில் ஒரு மனிதரின் பெயராக வழங்கியது. 1960 முதல் 1970 வரை உடுப்பிட்டித் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் மு. சிவசிதம்பரம். சபையில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது முறையல்ல; ‘ஒனரபிள் மெம்பர் போர் உடுப்பிட்டி’ என்றே சொல்ல வேண்டும். இது இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்து வந்த வழக்கம். அங்கே இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிரில் இருப்பவரைப் பார்த்து ‘யூ’ என்று சொல்லக் கூடாது, அந்தச் சொல் சபாநாயகருக்கு மட்டும் உரியது. எவ்வளவு காரமான திட்டும் அவர் வழியாகத்தான் போய்ச் சேரும். சிவசிதம்பரம் 1968 முதல் 1970 வரை பிரதிச் சபாநாயகராகவும் இருந்தார். 1989இல் மாவட்ட விகிதாசாரத் தேர்தல் வந்தபின் ‘உடுப்பிட்டி உறுப்பினர்’ என்று யாரும் இல்லை.

● யாழ்ப்பாணத்தில் முன்னால் நிற்பவரைக் கூப்பிட நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள். கணவன் மனைவியை ‘இஞ்சேரும்’ என்பார். மனைவி திருப்பி ‘இஞ்சேருங்கோ’ என்பார். ஆங்கிலத்திலும் இரண்டு படிகள் இருந்தன. ஒருமைக்குத் ‘தௌ’, பன்மைக்கு ‘யூ’. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில், பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரையும் ‘யூ’ என்று பன்மையில் கூப்பிடத் தொடங்கினார்கள். 1603இல் சேர் வோல்ட்டர் ராலி மீது தேசத்துரோக வழக்கு. சட்டமா அதிபர் எட்வர்ட் கோக் அவரைத் ‘தௌ’ போட்டுப் பேசினார். போடுகிறேன் என்று வாயால் சொல்லியும் காட்டினார். வேண்டுமென்றே செய்த அவமதிப்பு அது. அதே நூற்றாண்டின் நடுவில் குவேக்கர் சமயத்தார் வந்தார்கள். கடவுள் முன் எல்லாரும் சமம் என்று பிரபுவையும் நீதவானையும் ‘தௌ’ என்றார்கள், தொப்பியும் கழற்றவில்லை. அடியும் வாங்கினார்கள், மறியலுக்கும் போனார்கள். கடைசியில் வழக்கொழிந்தது மரியாதைச் சொல் அல்ல, ‘தௌ’தான். ஆங்கிலேயர் இன்று தங்கள் வீட்டு நாயையும் ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்!

● வேடிக்கை என்னவென்றால், 1611இல் வந்த ஆங்கில வேதாகமம் கடவுளைத் ‘தௌ’ என்றே விளிக்கிறது. இன்று அதைக் கேட்பவர்கள் பலர், அது மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று நினைக்கிறார்கள்.

● எல்லாருக்கும் ஒரே ‘யூ’ என்றால் மரியாதை எங்கே போயிற்று? கேள்விக்குள்ளும் இறந்த காலத்துக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது. ‘கான் யூ’ என்று கேட்பதைவிட ‘குட் யூ’ பணிவு. ‘ஐ வோஸ் வொண்டரிங்’ என்று தொடங்கினால் இன்னும் பணிவு. இப்போது கேட்கிற உதவியை நேற்று யோசித்ததுபோலச் சொல்வதில் ஒரு விலகல் வருகிறது. அந்த விலகலைத்தான் அவர்கள் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கோ முழு மரியாதையும் ‘ங்கோ’வில் இருக்கிறது. ‘வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ’ என்பதில் எந்தக் குறையும் இல்லை. அதையே இலண்டனில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் ‘கம், சிட், ட்ரிங்க்’ என்று சொன்னால், உபசாரம் பொலிஸ் விசாரணைபோல ஆகிவிடும். பிழை சொல்பவரிலும் இல்லை, கேட்பவரிலும் இல்லை.

● ‘வுட் யூ மைண்ட்’ என்று தொடங்கி யன்னலைத் திறக்கச் சொன்னால், தலையாட்டி ‘யெஸ்’ என்னாதீர்கள். ‘ஓம், எனக்கு அது பிடிக்காது’ என்று அர்த்தமாகும். ‘நொட் அற் ஓல்’ என்பதே சம்மதம்.

● நைட் பட்டத்தின் ‘சேர்’ சொந்தப் பெயரோடுதான் ஒட்டும். குடும்பப் பெயரோடு ஒட்டாது. ‘சேர் வின்ஸ்டன்’ சரி, ‘சேர் சேர்ச்சில்’ பிழை. இந்த விதி எங்கள் பெயர்களிடம் வந்து நன்றாக மாட்டிக்கொண்டது. பொன்னம்பலம் இராமநாதனும் தம்பி பொன்னம்பலம் அருணாசலமும் இருவருமே நைட் பட்டம் பெற்றவர்கள். முதற்பெயரைப் பிடித்தால் அண்ணனும் ‘சேர் பொன்னம்பலம்’, தம்பியும் ‘சேர் பொன்னம்பலம்’. பட்டம் போய்ச் சேருவதோ தகப்பனாருக்கு. தமிழர் தகப்பனைச் சுருக்கி ‘சேர் பொன். இராமநாதன்’ என்று எழுதிச் சமாளித்தார்கள்.

‘மிஸ்டர்’ இதற்கு நேர்மாறு, அதற்குக் குடும்பப் பெயர் வேண்டும். கந்தையாவின் மகன் சிவகுமார் ரொறன்ரோவில் இருக்கிறார் என்று வையுங்கள். வைத்தியர் வீட்டுக் காத்திருப்பு அறையில் ‘மிஸ்டர் கந்தையா’ என்று கூப்பிடுகிறார்கள். சிவகுமார் அசையாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் தன்னை என்று விளங்கி எழும்புகிறார். உடுப்பிட்டியில் செத்துப்போன ஐயாவுக்கு அங்கே இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள்.

● 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, வயலில் ஆங்கிலம் என்றாயிற்று. அதன் தடம் இன்றும் இருக்கிறது: ‘பை’ வீட்டுச் சொல், ‘பேர்ச்சேஸ்’ கந்தோர்ச் சொல், ‘பிகின்’ சாதாரணம், ‘கொமென்ஸ்’ சபைக்குரியது. எங்களுக்கு இது புதிதல்ல. வாசலில் ‘அவர் செத்துப்போனார்’ என்று சொல்பவரே, பத்திரிகைக்குக் கொடுக்கும்போது ‘உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் இலண்டனை வதிவிடமாகவும் கொண்ட அன்னார் இறைபதம் எய்தினார்’ என்று எழுதுவார்.

● ‘யுவர் ஒபீடியன்ட் சேர்வண்ட்’ என்று கடிதத்தை முடித்தவர்கள் எங்கள் லிகிதர்கள் மட்டுமல்ல. இலங்கையை ஆண்ட ஆங்கிலேயத் தேசாதிபதியும் இலண்டன் அமைச்சருக்கு எழுதும்போது அப்படித்தான் முடித்தார். அடிமைத்தனம் இல்லை, வெறும் சம்பிரதாயம். ‘டூ த நீட்புல்’ என்பதும் அவர்கள் எழுதிய தொடர்தான்; அவர்கள் கைவிட்டுவிட்டார்கள், தெற்காசியா இன்னும் விடவில்லை.

● உடுப்பிட்டியில் 1852இல் பள்ளிக்கூடம் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனரிமார். ஆனாலும் இன்று எங்கள் பிள்ளைகள் படிக்கும் கடித முறை கச்சேரியை ஆண்ட பிரித்தானியருடையது. பெயர் தெரியாதவருக்கு ‘டியர் சேர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் பெய்த்புல்லி’. பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. அமெரிக்கர் இரண்டுக்குமே ‘சின்சியர்லி’ போட்டுவிடுவார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளே, எழுத முன்பு உரிய அதிகாரியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் தெரிந்திருந்தும் ‘டியர் சேர்’ என்று எழுதினால் அது மரியாதை அல்ல, சோம்பல் என்றே இப்போது கணக்கு.