தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் என்பவர் மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லம் முதலிய இடங்களில் தங்கியிருப்போருக்கும் பணிபுரிவோருக்கும் அவ்விடத்திலேயே புதிய நோய்த்தொற்று ஏற்படாமல் காக்கும் பொறுப்பை ஏற்றுள்ள, தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் ஆவார். பிற செவிலியரைப் போல இவர் குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு மட்டும் பணிவிடை செய்வதில்லை. தொற்றுகளைக் கண்டறிந்து எண்ணுதல், அவற்றின் காரணத்தை ஆராய்தல், பணியாளருக்குப் பயிற்சி அளித்தல், நடைமுறைகளைக் கண்காணித்தல் ஆகியன இவரது முதன்மைப் பணிகளாகும்.

மருத்துவமனைத் தொற்று

நோயாளி சேர்க்கப்பட்டபோது இல்லாது, சேர்ந்து 48 மணி நேரத்திற்குப் பின்னர் தோன்றும் தொற்று பொதுவாக மருத்துவமனைத் தொற்று எனப்படுகிறது. அறுவை செய்த இடத்தில் 30 நாட்களுக்குள் தோன்றும் தொற்றும் இதில் அடங்கும். உடலினுள் உலோகத் தகடு முதலியன பொருத்தப்படும் சில அறுவைகளுக்கு இக்கால எல்லை 90 நாட்கள் ஆகும். சிறுநீர்ப்பாதைத் தொற்று, அறுவைப் புண் தொற்று, குருதியோட்டத் தொற்று, நுரையீரல் அழற்சி ஆகிய நான்கும் இவற்றுள் முதன்மையானவை.

உலக சுகாதார அமைப்பின் 2022 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு 100 நோயாளிகளில் செல்வந்த நாடுகளில் 7 பேரும், ஏனைய நாடுகளில் 15 பேரும் குறைந்தது ஒரு மருத்துவமனைத் தொற்றுக்கு ஆளாகின்றனர். அவ்வாறு ஆளாவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கின்றார்.

வரலாறு

1847 இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாசு செம்மல்வைசு என்னும் மருத்துவர், பிரசவம் பார்ப்போர் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என விதித்தார். அதன்பின் தாய்மார் இறப்பு பெருமளவு குறைந்தது. 1854 இல் கிரீமியப் போரின்போது புளோரன்ஸ் நைட்டிங்கேல் படைவீரர் மருத்துவமனையின் தூய்மையையும் இறப்புக் கணக்கையும் ஒருசேரக் கையாண்டார். எண்ணிக் கணக்கிடுவது செவிலியர் பணியின் ஒரு பகுதி என்னும் கருத்துக்கு இது முன்னோடியாக அமைந்தது.

1950களில் பெனிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டெபைலோகாக்கஸ் நுண்ணுயிரி பல நாடுகளின் மருத்துவமனைகளில் பரவியது. இச்சூழலில் 1959 இல் இங்கிலாந்தின் டோர்பே மருத்துவமனையில், மருத்துவர் பிரெண்டன் மூரின் முயற்சியால், ஈ. எம். காட்ரெல் என்பவர் இப்பணிக்கு நியமிக்கப்பட்டார். இவரே உலகின் முதல் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் எனக் கருதப்படுகிறார்.

இப்பணியின் பயனை எண்களால் நிறுவியது அமெரிக்காவில் நடந்த செனிக் ஆய்வு ஆகும். 1985 இல் வெளியான இதன் முடிவுகளின்படி, முறையான கண்காணிப்பும் 250 படுக்கைகளுக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரும் கொண்ட திட்டம் இருந்த மருத்துவமனைகளில் தொற்றுகள் 32 விழுக்காடு குறைந்தன. அத்தகைய திட்டம் இல்லாதவற்றில் அதே காலத்தில் 18 விழுக்காடு கூடின. 250 படுக்கைகளுக்கு ஒருவர் என்னும் அளவையே குறைந்தபட்சமாக உலக சுகாதார அமைப்பும் 2016 இல் பரிந்துரைத்தது.

இந்தியாவில்

1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். எல்லா நோயாளிகளின் குருதியையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்னும் விதி அதன் பின்னர் வலியுறுத்தப்பட்டது. மருத்துவக் கழிவு விதிகள் 1998 இல் வெளியிடப்பட்டு, 2016 இல் புதிய விதிகளால் மாற்றப்பட்டன. 2010 இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலானோர் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலான நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்குக் கட்டுப்படாத என்.டி.எம்.-1 வகை நுண்ணுயிரிகள் சென்னை உள்ளிட்ட இடங்களில் இருப்பதைக் காட்டியது. 2012 இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் இது தொடர்பாகச் 'சென்னைப் பிரகடனம்' என்னும் செயல்திட்டத்தை உருவாக்கின.

2015 இல் தொடங்கப்பட்ட காயகல்ப் திட்டம் அரசு மருத்துவமனைகளைத் தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுக் கட்டுப்பாடு ஆகியவற்றின் அடிப்படையில் மதிப்பிட்டுப் பரிசளிக்கிறது. தேசிய அளவிலான தொற்றுக் கட்டுப்பாட்டு வழிகாட்டி நூல் 2020 சனவரியில் வெளியானது.

பணிகள்

கண்காணிப்பு

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்தோறும் ஒரே நேரத்தில், எத்தனை பேருக்குச் சிறுநீர் வடிகுழாய், மையச் சிரைக் குழாய், வென்டிலேட்டர் ஆகியன பொருத்தப்பட்டுள்ளன என்பது கணக்கிடப்படுகிறது. இக்கூட்டுத்தொகை கருவி நாட்கள் எனப்படும். தொற்று வீதம் 1000 கருவி நாட்களுக்கு இத்தனை எனக் கூறப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு மாதத்தில் வடிகுழாய் நாட்கள் 150 ஆகவும், அக்குழாயால் ஏற்பட்ட தொற்றுகள் 3 ஆகவும் இருப்பின், தொற்று வீதம் 20 ஆகும்.

புதிதாக இச்செவிலியர் பொறுப்பேற்ற மருத்துவமனைகளில் தொடக்கத்தில் தொற்று வீதம் கூடியதாகத் தோன்றுவது உண்டு. முன்பு எண்ணப்படாதவை இப்போது எண்ணப்படுவதே இதற்குக் காரணம். இதனை அறியாத நிர்வாகம் எண்ணியவரையே குறை கூறுமாயின், அடுத்த மாதங்களில் தொற்றுகள் ஏட்டில் மட்டுமே குறையும். ஆகவே உண்மையைப் பதிவு செய்பவருக்குப் பாதுகாப்பு அளிப்பது இப்பணி பயன் தருவதற்கு இன்றியமையாதது.

கைத் தூய்மை

உலக சுகாதார அமைப்பு கை தூய்மை செய்யவேண்டிய ஐந்து தருணங்களை வகுத்துள்ளது:

* நோயாளியைத் தொடும் முன்
* ஊசி, குழாய் முதலியவற்றைச் செலுத்துவது போன்ற தூய செயல்முறைக்கு முன்
* குருதி முதலிய உடல் நீர்மங்கள் பட வாய்ப்பு ஏற்பட்ட பின்
* நோயாளியைத் தொட்ட பின்
* நோயாளியின் படுக்கை முதலிய சூழலைத் தொட்ட பின்

ஆல்ககால் கரைசலால் 20 முதல் 30 நொடிகளும், சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 நொடிகளும் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருப்பின் சோப்பே ஏற்றது. செவிலியர் வார்டில் நின்று, இத்தருணங்களுள் எத்தனையில் கை தூய்மை செய்யப்பட்டது என்பதைக் கவனித்து விழுக்காடாகப் பதிவு செய்கிறார்.

ஊசிக்குத்துக் காயமும் கழிவும்

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி பணியாளரைக் குத்தினால், எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு ஆகும். தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரல் அழற்சி பி பரவும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு. காயத்தை உடனே சோப்பு நீரால் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்படின் இயன்றவரை 2 மணி நேரத்திற்குள்ளும், தவறினால் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்கப்பட வேண்டும். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் வேலை போய்விடுமோ என அஞ்சி இக்காயங்களை மறைப்பதுண்டு. அவர்களுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்வது இச்செவிலியரின் கடமையாகும்.

2016 விதிகளின்படி குருதி தோய்ந்த பஞ்சு, உடற்பகுதிகள் மஞ்சள் பையிலும், குழாய், கையுறை முதலிய நெகிழிப் பொருட்கள் சிவப்புப் பையிலும், ஊசி போன்ற கூரியவை துளைபடாத வெள்ளைக் கலத்திலும், கண்ணாடிப் பொருட்கள் நீலப் பெட்டியிலும் இடப்பட வேண்டும்.

அதிகாரம்

தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் நிர்வாகத் தலைவர், நுண்ணுயிரியல் மருத்துவர், அறுவை மருத்துவர் முதலானோருடன் இச்செவிலியரும் உறுப்பினர் ஆவார். கை கழுவாத மூத்த மருத்துவரிடமும் அதனை எடுத்துச் சொல்ல வேண்டியவர் இவரே. ஆயினும் பதவி வரிசையில் இவர் தாழ்ந்த நிலையிலேயே உள்ளார். எனவே நிர்வாகத் தலைவரை நேரடியாக அணுகும் உரிமையும், வேறு வார்டுப் பணிக்கு மாற்றப்படாத முழுநேரப் பொறுப்பும் தேவை என்பது பொதுவான பரிந்துரை ஆகும்.

ஓசூர் - கிருஷ்ணகிரி பகுதியில்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டைகளையும் வாகனம், கைக்கடிகாரம், மின்னணுப் பொருள் தொழிற்சாலைகளையும் கொண்ட நகரமாகும். 2019 இல் மாநகராட்சி ஆனது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி, 2022 சனவரி 12 அன்று தமிழகத்தில் தொடங்கி வைக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளுள் ஒன்றாகும்.

இத்தகைய பகுதியில் இப்பணிக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. இயந்திரத்தில் சிக்கிய கைகள், தீப்புண்கள், தேசிய நெடுஞ்சாலை 44 இன் விபத்துக் காயங்கள் ஆகியன மண்ணும் எண்ணெயும் படிந்த திறந்த புண்களாக வருவதால் தொற்றுக்கு எளிதில் இடமாகின்றன. தலைக்காயம் அடைந்தோர் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு அனுப்பப்படுவதுண்டு. நிம்ஹான்ஸ் உள்ளிட்ட பெரிய மருத்துவமனைகள் அங்கு ஓசூர் சாலையிலேயே அமைந்துள்ளன. பின்னர் தொண்டைத் துளைக் குழாயுடனோ சிறுநீர் வடிகுழாயுடனோ திரும்புவோர் உள்ளூர் மருத்துவமனைகளிலோ பராமரிப்பு இல்லங்களிலோ தங்குகின்றனர். அவர்களுடன் மருந்துக்குக் கட்டுப்படாத நுண்ணுயிரிகளும் வரக்கூடும்.

மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் சட்டமும், கழிவைக் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் எல்லையின் இருபுறமும் வெவ்வேறானவை. நுண்ணுயிரிகளுக்கு அவ்வெல்லை இல்லை. ஆகவே நோயாளியுடன் அனுப்பப்படும் குறிப்பில், எந்தக் குழாய் எந்த நாளில் பொருத்தப்பட்டது, கடைசி நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையின் முடிவு என்ன, எந்த நுண்ணுயிர் எதிர்ப்பி எத்தனை நாள் தரப்பட்டது ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். குறிப்பின்றி வருபவருக்கு முடிவு தெரியும்வரை தனி இடமும் தனிக் கருவிகளும் ஒதுக்குவது நலம்.

இப்பகுதியில் தமிழுடன் தெலுங்கு, கன்னடம், உருது ஆகியனவும் பேசப்படுகின்றன. வட மாநிலத் தொழிலாளரும் மிகுதி. ஆதலால் எழுத்தை மட்டும் கொண்ட அறிவிப்புகளை விட, படங்களும் நேரடிச் செய்முறை விளக்கமும் நோயாளியின் உடனிருப்போருக்கு எளிதில் விளங்கும்.

இவற்றையும் பார்க்க

* செவிலியம்
* நுண்ணுயிர் எதிர்ப்பி
* கிருமி நீக்கம்
* கிருஷ்ணகிரி மாவட்டம்