கோப்பி இலையின் அடிப்பக்கம்

மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டைப் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டம். வாசலில் கமுகு, அதில் ஏறிய மிளகுக்கொடி, பின்னால் சாதிக்காய், கராம்பு, ஒரு பலா. கிணற்றடிக்குப் போகிற வழியில் யாரும் பெரிதாகக் கவனிக்காத மூன்று கோப்பி மரங்கள். வீட்டுக்கார அம்மா ஓர் இலையைப் பறித்தார்.

"மேல பாத்தா ஒன்னும் தெரியாது தம்பி. அடியில பாருங்க."

மேற்பக்கத்தில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள் இரண்டு மூன்று, அவ்வளவுதான். திருப்பியதும் கதை வேறு. மஞ்சள்தூளில் கொஞ்சம் மிளகாய்த்தூள் கலந்தால் வருமே, அந்த நிறத்தில் வட்டம் வட்டமாகப் பொடி. கட்டைவிரலால் தடவினேன், விரல் ரேகைகளுக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டது. சேலைத் தலைப்பில் படாமல் இலையை எட்டிப் பிடித்தபடி, "எப்பவும் இருக்கும். மழை விட்டா கூடும்" என்றார் அவர், சளி இருமலைப் பற்றிச் சொல்வது போல.

அவருக்கு இது சளி இருமல்தான். மூன்று மரம், காய்த்தால் வீட்டுக்குத் தூள், காய்க்காவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இதே பொடிதான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த மலைகளின் தொழிலையே மாற்றிப்போட்டது.

மலையகத்துப் பெரியவர்கள் இன்றும் 'கோப்பிக் காலம்' என்கிறார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி நடந்து வந்த தமிழ்நாட்டுக் கூலிகளுக்கு மலையேறும் முன் கிடைத்த ஊர் மாத்தளை. வந்து சேர்ந்தவர்களைவிட வழியில் கொலராவில் விழுந்தவர்களைப் பற்றித்தான் கதைகள் அதிகம். 2023-இல் மலையகத் தமிழரின் இருநூறாவது ஆண்டை நினைவுகூரத் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் மாத்தளையில் வந்து முடித்ததும் அந்த வழியை நினைத்துத்தான். அவர்களின் முன்னோர் நடந்தது தேயிலை பறிக்க அல்ல, கோப்பிப் பழம் ஆய. 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையிலிருந்து கப்பலேறிய கோப்பி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி இறாத்தல்.

1869-இல் மடூல்சீமைத் தோட்டமொன்றில் சில இலைகளில் இந்தப் பொடி கண்ணில் பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த துவெய்ட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்த்தவர் பெர்க்லி என்ற பாதிரியார். அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுக வைத்தது பங்கசுதான் என்று, பலர் நம்ப மறுத்த காலத்திலேயே வாதாடியவர். இந்தப் பொடியும் ஒரு பங்கசின் வித்திகள்தான். உருப்பெருக்கியில் வைத்தபோது வித்தி ஒவ்வொன்றும் தோடம்பழச் சுளை வடிவில் தெரிந்தது: முதுகு முழுக்க முள், வயிறு வழவழப்பு. பாதி வழவழப்பானது, பேரழிவு செய்வது என்ற பொருளில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத அந்தப் பெயரைத் தோட்டத் துரைமார் 'நாசக்கார எமிலி' என்று திரித்துக்கொண்டார்கள். சிரிக்க அவர்களுக்கு அப்போது நேரம் இருந்தது.

ஏனென்றால் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏக்கருக்குச் சுமார் நாலரை அந்தர் கிடைத்த இடத்தில் பத்தே ஆண்டுகளில் இரண்டு அந்தரானது; ஆனாலும் விலை கைகொடுத்ததால் இன்னும் காடு வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். எருப் போட்டால் மரம் தேறிவிடும் என்றார்கள், மண் களைத்துவிட்டது என்றார்கள், மழையைக் குறை சொன்னார்கள். 1880-இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயிலே வந்துவிட்டது. கோப்பி மூட்டைக்காகக் கனவு கண்ட பாதை, கோப்பி முடிகிற நேரம் பார்த்துத் திறந்தது.

அதே ஆண்டு இன்னொருவரும் வந்தார்: ஹரி மார்ஷல் வார்ட். இருபத்தைந்து வயது. இலை நோயை ஆராய அரசு அனுப்பிய ஆள். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பிச் செடிகளுக்கிடையில் தொங்கவிட்டார். காற்றில் போகும் வித்திகள் அதில் ஒட்டின. அந்த வித்திகளை நல்ல இலையின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு நீரில் வைத்துவிட்டு நாளை எண்ணினார். வைத்த இடத்தில் நோய் வந்தது. இன்று பள்ளிப் பரிசோதனை போலத் தோன்றும். அன்று அது பெரிய விஷயம்.

அந்த ஒரு சொட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வித்தி ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. உலர்ந்த இலையில் அது வெறும் தூசு. ஈரம் சில மணி நேரம் காயாமல் நின்றால்தான் முளைக்கும். மெல்லிய குழாய் ஒன்றை நீட்டும். கோப்பி இலையின் மேற்பக்கம் மெழுகு பூசிய சுவர். இலைவாய்கள் என்னும் மூச்சுத்துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே. அதனால்தான் அம்மா இலையைத் திருப்பினார்.

கண்ணும் மூக்கும் இல்லாத அந்தக் குழாய் துளையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தடவித் தடவித்தான். அவரையினத்தில் வரும், இதே வகைத் துருப் பங்கசை வைத்து அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 1987-இல் ஒரு வேடிக்கை செய்தார்கள். இலையே இல்லாமல், வழவழப்பான பிளாஸ்திக்கில் நுண்ணிய வரம்புகள் செதுக்கி அதன்மேல் வித்தியை முளைக்க விட்டார்கள். வரம்பின் உயரம் ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது இலைவாயின் உதட்டு உயரம், ஆனபோது குழாய் நின்றது. வீங்கியது. உள்ளே புகத் தேவையான உறுப்பைக் கட்டத் தொடங்கியது. வாசலே இல்லாத இடத்தில், படியின் உயரத்தை மட்டும் நம்பிக் கதவைத் தள்ளப் பார்த்திருக்கிறது.

உள்ளே போனதும் உயிரணுவைக் கொல்லாது. துருப் பங்கசுக்குச் செத்த இலையால் பிரயோசனமில்லை. உயிருள்ள இலையில்தான் அதற்குப் பிழைப்பு. உயிரணுவின் சுவரைத் துளைத்து, உள்ளிருக்கும் மென்சவ்வைக் கிழிக்காமல், பலூனில் விரலை அழுத்துவது போல உள்ளே தள்ளி உட்கார்ந்து சீனியை உறிஞ்சும். கூடவே புரதங்களைச் சுரந்து இலையின் அபாயமணியை அமுக்கி வைக்கும். வீட்டுக்காரர் தூங்கும்போது அடுப்படியில் சமைத்துச் சாப்பிட்டுப் போகிற திருடன். மூன்று நான்கு வாரங்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் அதே இலைவாய்கள் வழியே பொடியாக வெளியே வரும், ஒரு புள்ளியிலிருந்தே இலட்சக்கணக்கில். இலை உதிரும். காயைச் சுமந்துகொண்டிருக்கும் மரம் இலையில்லாமல் நுனியிலிருந்து காயத் தொடங்கும்.

செடியும் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்தவனை அடையாளம் கண்டுவிட்டால், அந்த இடத்து உயிரணு தானே செத்துப்போகும். உயிருள்ள சோறு கேட்பவனுக்குப் பிணம் கிடைக்கும். பட்டினியில் அவனும் முடிவான். ஆனால் அடையாளம் காண ஒரு மரபணு வேண்டும். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி என்ற இந்தக் கணக்கை 1940-களில் ஆளிச்செடித் துருவை வைத்துத் தெளிவாகப் போட்டவர் அமெரிக்காவின் ஃபுளோர். இலங்கை மலைகளில் நின்ற அரபிக்கா மரங்களிடம் பொருந்துகிற பூட்டு இல்லை. தன் மகரந்தத்தாலேயே காய்க்கிற இனம், சில விதைகளிலிருந்து பெருகிய கூட்டம். கோடிக்கணக்கான மரங்கள் இருந்தும் கிட்டத்தட்ட ஒரே மரம். ஒரு கதவு திறந்தால் எல்லாக் கதவும் திறந்த மாதிரி.

வார்ட் இதைத்தான் எழுதினார், அவர் காலத்துச் சொற்களில். இடைவெளியில்லாமல் ஒரே பயிரை மலைமலையாக நட்டது காற்றுக்கும் வித்திக்கும் விரித்த பாய்; இடையிடையே மர வரிசைகள் நின்றிருந்தால் வேகம் குறைந்திருக்கும். வித்தி உள்ளே போன பிறகு மருந்தடித்துப் பயனில்லை, முளைக்கும் முன்பே இலைமேல் மருந்து காத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னார். துரைமார் கேட்டது நோயின் வரலாறு அல்ல, போத்தலில் மருந்து. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தது போதவில்லை. 1882-இல் வார்ட் கப்பலேறினார்.

இதில் எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல் தருவது ஒரு தேதி. அதே 1882-இல் பிரான்சின் போர்டோ பக்கத்தில் மில்லார்டே என்ற பேராசிரியர் திராட்சைத் தோட்ட ஓரமாக நடந்துபோகிறார். வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, நச்சுப் போலத் தெரியட்டும் என்று, பாதையோரக் கொடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலமாகப் பூசியிருந்தார்கள். நோய் தின்ற தோட்டத்தில் அந்த ஓரக்கொடிகளில் மட்டும் இலை பச்சையாக நின்றது. திருடனுக்கு வைத்த பூச்சு நோயைப் பிடித்துவிட்டது. 1885-இல் போர்டோ கலவை என்று அது வெளியானபோது இலங்கைக் கோப்பிக்குக் காலம் கடந்திருந்தது. 1870-இல் ஏற்றியதில் பத்தில் ஒரு பங்குகூட 1890-இல் ஏறவில்லை.

வெறுமையான மலைகளில் தேயிலை ஏறியது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இலேயே நட்டுப் பார்த்திருந்த செடி. கோப்பிக்குப் பழம் ஆயும் காலத்தில் மட்டும் ஆள் போதும்; ஆய்ந்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலைக் கொழுந்து வாரத்துக்கு வாரம் கேட்கும், வருடம் முழுக்க. ஆட்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினார்கள், தங்கியே போனார்கள். மலையகத் தமிழரின் வரலாற்றைக் கங்காணியையும் துரையையும் சட்டங்களையும் வைத்து எழுதுகிறோம், சரிதான். அந்தப் பட்டியலில் ஒரு மூலையில் இந்தச் செம்மஞ்சள் பொடிக்கும் இடம் உண்டு என்பது என் கட்சி.

எமிலி ஓய்ந்துவிடவில்லை. 1970-இல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். 2012-ஐ ஒட்டி நடு அமெரிக்கச் சிறு விவசாயிகளைப் புரட்டிப்போட்டாள். இடையில் திமோர் தீவில் அரபிக்காவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து பிறந்த ஒரு மரம் கிடைத்தது. அதன் பூட்டுகளை எடுத்துப் பல இரகங்களை உருவாக்கினார்கள். ஹொண்டுராசில் அப்படி நட்ட லெம்பீரா இரகம் பல ஆண்டுகள் நின்றது. பிறகு பங்கசு புதுச்சாவி செய்துகொண்டது.

ரத்தோட்டைத் தோட்டத்தில் கோப்பிக்குப் பக்கத்தில் பலா, பலாவுக்குப் பக்கத்தில் கராம்பு. பறக்கிற வித்திகளில் பெரும்பகுதி தவறான இலையில் விழுந்து வீணாகிறது. இதைப் பார்த்துவிட்டு, கலப்புத் தோட்டமே மருந்து என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. நிழல் கூடினால் இலை காயவும் நேரமாகும், ஈரம் நின்றால் வித்திக்குக் கொண்டாட்டம். கவாத்து வெட்டி வெயிலை உள்ளே விடுகிற கையும் வேண்டும்.

அம்மாவின் கணவருக்குக் கோப்பியைப் பற்றிக் கவலையே இல்லை. அவருக்கு மிளகு. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற மாவட்டம். இங்கே மிளகு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு முடியாது. மிளகின் எதிரி வேறு. பைட்டொப்தரா: பங்கசு போல இருக்கும், பங்கசு அல்ல, பெர்க்லி பங்கசு என்று வாதாடிய அந்த உருளைக்கிழங்கு நோயின் ஒன்றுவிட்ட சகோதரம். அதன் வித்திகளுக்கு வால் உண்டு. மழைநீர் தேங்கிய மண்ணில் நீந்தி வந்து வேரைப் பிடிக்கும். நேற்றுப் பச்சையாக நின்ற கொடி சில நாட்களில் வாடித் தொங்கும். அதனால் அவர் காணிக்குள் வாய்க்கால் இழுத்திருந்தார், தரையில் படர்ந்த தளிர்களை வெட்டியிருந்தார், கொடியின் அடியில் மண்வெட்டி படவிடாமல் புல்லைக் கையால் பிடுங்கியிருந்தார். போன மழையில் செத்த ஒரு கொடியை வேரோடு தோண்டி எரித்த கரி இன்னும் கிடந்தது.

நான் போன அன்று இரண்டு பிளாஸ்திக் வாளிகளோடு உட்கார்ந்திருந்தார். ஒன்றில் மயில்துத்தக் கரைசல், மயில் கழுத்து நீலம். மற்றதில் நீற்றி வடித்த சுண்ணாம்புப் பால். அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ, எல்லாம் சேர்த்து ஐம்பது லீற்றர் தண்ணீர். சுண்ணாம்புப் பாலைப் பீப்பாயில் கொட்டி, அதில் நீலத்தை மெல்ல ஊற்றிக் கம்பால் கலக்கினார். வான நீலமாகத் திரண்டது. பிறகு இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, அலகைக் கலவைக்குள் ஒரு நிமிடம் பிடித்தார். வெளியே எடுத்தபோது இரும்பில் செம்பு பூத்துச் சிவந்திருந்தது.

"இன்னும் கார்க்குது. இப்ப அடிச்சா இலை கருகிரும்."

இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்தார். அலகை மணலில் தேய்த்துத் துடைத்து மறுபடி முக்கினார். இந்த முறை வெள்ளையாகவே வந்தது. மேலே பார்த்தார், நக்கிள்ஸ் மலைப்பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இலையில் காய்வதற்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும் என்றார். "புடிங்க தம்பி அந்தப் பக்கம்" என்று பீப்பாயின் ஒரு காதை என்னிடம் கொடுத்தார்.