தொப்பியா? தலைத்துணியா?

இங்கிலாந்தில் ஆஸ்கட் என்று ஓர் ஊர். அங்கு ஆண்டுதோறும் பெரிய குதிரைப் பந்தயம் நடக்கிறது. அந்தப் பந்தய மைதானத்தை 1711-ல் ஏற்படுத்தியவர் ஆன் ராணி.

பந்தயம் பார்க்க வரும் பெண்களின் தலையில் விதவிதமான தொப்பி! அரச குடும்பத்தார் வரும் பகுதியில், தலையணியின் அடிப்பாகம் 4 அங்குலமாவது இருக்க வேண்டும் என்று 2012-ல் விதி வந்தது.

அது அழகுக்கு வந்த விதி. சிவகாசியிலும் தலைக்குத் துணி உண்டு. அது உயிருக்காக!

பருத்தியே நல்லது

பட்டாசுத் தொழிற்சாலையில் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போடுகிறார்கள். மருந்துத் தூள் கூந்தலில் படியாமல் தலையில் துணி கட்டுகிறார்கள். அது பருத்தித் துணியாக இருக்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் கூடாது.

ஏன் தெரியுமா? அவை உராய்ந்தால் மின்சாரம் உண்டாகும். மருந்து பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும்! தீப்பட்டால் நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது. ஆனால் அதுவும் எரியும். ஆகையால் தொங்க விடக்கூடாது.

தீபாவளி அன்று

வீட்டிலும் இதை மறக்காதீர்கள். பளபளக்கும் புதுச் சட்டையைச் சாமி கும்பிடும்போது குழந்தை போட்டுக்கொள்ளட்டும். வெடி போடும்போது பருத்திச் சட்டையை மாட்டிவிடுங்கள். தாய்மார்கள் கூந்தலை முடிந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

குழந்தை அழுதாலும் சரி, சட்டையை மாற்றிய பிறகே மத்தாப்பைக் கையில் கொடுங்கள்!