மாட்டுத் தீநுண்மிகளும் மனிதப் புற்றுநோயும்: சான்றுகளின் எடை

கறவை மாடுகளைத் தாக்கும் தீநுண்மி மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்னும் வினா, ஆலைகளுக்கிடையிலும் கறவை வளர்ப்புத் தொடரும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதியினருக்கு அயலானதன்று. இவ்வினாவுக்கான சான்றுகளின் வலிமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் கருதத்தக்கது மாட்டு இரத்தப்புற்றுத் தீநுண்மி. 1969இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இது, மனிதரில் இரத்தப்புற்று விளைவிக்கும் எச்.டி.எல்.வி.-1 என்னும் தீநுண்மிக்கு நெருங்கிய உறவுடையது. தொற்றுற்ற மாடுகளுள் பெரும்பாலானவை நோய்க்குறி காட்டுவதில்லை. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் பயன்படுத்துவதாலும் தொற்று பரவும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கெர்ட்ரூட் புயூரிங் குழு 2015இல் 239 பெண்களின் மார்பகத் திசுக்களை ஆராய்ந்தது. புற்றுநோயுற்றோரில் 59 விழுக்காட்டினரிடமும், நோயற்றோரில் 29 விழுக்காட்டினரிடமும் இத்தீநுண்மியின் மரபுப்பொருள் காணப்பட்டதாக அது அறிவித்தது. ஆனால் 2016இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் 51 மார்பகப் புற்றுக் கட்டிகளின் முழு மரபணுத்தொகுதித் தரவுகளைத் தேடியும் ஒன்றிலும் அதனைக் காணவில்லை. இம்முரணை எளிதில் கடந்துவிட இயலாது. நுண்ணளவு மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் முறையில் மாசுபாட்டுக்கு இடமுண்டு. அன்றியும், தன் மாட்டு மந்தைகளிலிருந்து இத்தொற்றை ஒழித்த டென்மார்க்கில் மார்பகப் புற்று இன்றும் மிகுதியே. தொற்றுக்கும் நோய்க்கும் நெடிய இடைவெளி இருக்கக்கூடுமாதலால், இதனை மறுப்பின் முடிவாகவும் கொள்ள இயலாது.

இரண்டாவது கருதுகோள் நம்மை நேரடியாகத் தொடுவது. கருப்பைவாய்ப் புற்றின் தீநுண்மிக் காரணத்தை நிறுவி 2008இல் நோபல் பரிசு பெற்ற ஹரால்ட் சூர் ஹௌசன், பெருங்குடல் புற்றின் உலகப் பரவல் ஐரோப்பியக் கறவையினங்களின் பரவலோடு ஒத்துள்ளதெனக் கருதினார். திமிலுடைய மாடுகள் மிகுந்த இந்தியாவில் அந்நோய் குறைவென்பது அவருடைய சான்றுகளுள் ஒன்று. மாட்டின் குருதியிலும் பாலிலும் கண்ட வளைய வடிவ மரபுப்பொருள் துணுக்குகளை அவர் குழுவினர் காரணியாக ஐயுற்றனர். 2019இல் ஜெர்மானிய அரசு நிறுவனங்கள், இதற்குப் போதிய சான்றில்லை என மதிப்பிட்டன.

இந்தியாவில் மாட்டிறைச்சி நுகர்வு குறைவு; மக்கள்தொகையின் அகவைக் கட்டமைப்பும் வேறு. இவற்றைப் பிரித்தறியாமல் மாட்டினத்தைக் காரணமாக்குதல் அவசரமாகும். எனினும் தமிழ்நாட்டில் ஜெர்சி, பிரீசியன் கலப்பினங்கள் பல பத்தாண்டுகளாகப் பெருகியுள்ளன. ஆகவே கருதுகோள் இங்கேயே சோதிக்கத்தக்கது. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் சென்னைப் பதிவேடு 1982 முதலான தரவைக் கொண்டது. ஆனால் திருவள்ளூர் ஊரகத்துக்கு அத்துணை நீண்ட தொடர் இல்லை.

பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் முதல் தீநுண்மியைச் செயலிழக்கச் செய்யும். 72 பாகை செல்சியசில் 15 நொடிகள் சூடாக்குதலே அதற்குப் போதும். வெப்பத்தைத் தாங்குவனவாகக் கருதப்படும் வளையத் துணுக்குகளுக்கு இவ்வுறுதியை நீட்டிக்க இயலாது.