பவளத்தின் நிறமும் தண்ணீர்க் கணக்கும்

வரவும் செலவும் ஒத்துப் போனால்தான் கடை நிற்கும் என்பது வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வண்ணப் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் கதையும் அதுவே. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதிகளில் மீன் தொட்டியும் மீன் தீனியும் விற்போர் உண்டு. வெளிநாட்டுத் தொட்டியின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "அண்ணாச்சி, இந்த மாதிரி பவளம் கிடைக்குமா?" என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? அதை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பவளம் கல் அன்று, செடியும் அன்று, அது ஓர் உயிர்ப் பிராணி. தன் உடம்புக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை வெளிச்சத்தில் சமைக்கும் உணவில் பெரும்பங்கை வாடகையாக வாங்கிக் கொள்கிறது. பாசியின் நிறம் பழுப்பு. பச்சை, நீலம், ஊதா எல்லாம் பவளத்தின் சொந்த நிறமிகள்.

பாசிக்கு உரம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். மீன் தின்று மிஞ்சிய தீனியும் அதன் கழிவும் அழுகி, முதலில் அம்மோனியாவாகி, பிறகு நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட் ஆகின்றன. உரம் கூடினால் பாசி பெருகிப் பவளம் பழுப்பேறும். உரமே வேண்டாம் என்று அடியோடு எடுத்துவிட்டாலோ, பாசி பட்டினி கிடக்கும்; பவளம் வெளுத்துப் போகும். லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்பது வளர்ப்போர் பலர் கடைப்பிடிக்கும் அளவு. பவளம் கூடு கட்டுவதற்குக் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம் வேண்டும். வாரந்தோறும் தண்ணீரைச் சோதித்து, பத்தில் ஒரு பங்கை மாற்றுவார்கள். பாலும் சர்க்கரையும் பக்குவம் தப்பினால் பால்கோவா என்னவாகும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டுமா?

கடல் தண்ணீருக்கு நம் கடை உப்பு போதாதா என்று கேட்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. ஆனால் சமையல் உப்பு ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடு. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவை கடல்நீரில் இருக்கும் அளவுக்கு அதில் இல்லை. மேலும் தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதற்குக் குளிரூட்டும் இயந்திரம் வேண்டும். சில மணி நேரம் மின்சாரம் நின்றாலே ஆபத்துதான்.

தொட்டியில் மட்டுமல்ல, கடலிலும் அளவு மீறினால் கேடுதான். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், மீனவர்கள் 'பூங்கோரை' என்று சொல்லும் நாக்டிலூக்கா நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது. தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் செத்தன; சிங்கிள் தீவை ஒட்டிய பவளங்களும் மடிந்தன. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள் இந்தக் கடலில்தான் உள்ளன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் இங்கேதான். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன.

உறுப்பினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சட்டத்தை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கடல் விசிறியும் கடல் குதிரையும் அதில் உண்டு. நம் மேற்கு மலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைக் காப்பகத்துப் புலிக்கு எந்த அட்டவணையோ, பவளத்துக்கும் அதே அட்டவணை. 2022-இல் திருத்திய சட்டப்படி தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உயிருள்ளதுதான் குற்றம், செத்துக் காய்ந்ததை அலங்காரக் கல் என்று விற்கலாம் என்று எண்ண வேண்டாம். கடற்கரை ஊரிலிருந்து மலிவாக வந்தது, பத்து ரூபாய் லாபம் என்று வாங்கி வைத்தால், அந்த லாபம் வழக்குச் செலவுக்குக் காணாது.

அப்படியானால் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்புவதா? வேண்டாம். பிசினில் வார்த்த செயற்கைப் பவளம் கண்ணுக்கு அழகாக இருக்கும். நன்னீர்ச் செடிகளும் கப்பி மீன்களும் உள்ள தொட்டிக்குச் செலவு குறைவு. செடிக்கும் உரம் அதே நைட்ரேட், பாஸ்பேட்தான். ஆகவே, "இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுங்கள், வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். தீனி டப்பா ஒன்று குறைவாக விற்கலாம். ஆனால் தொட்டி தெளிவாக இருக்கும் வரை அவர் நம் கடைக்கு வருவார். மீன் செத்துப்போன வீட்டுக்காரர் திரும்ப வருவாரா?

பவளம் கடலில் இருக்கட்டும். நம் கடையில் நல்ல பெயர் இருக்கட்டும்.