இறங்கிய விலை, இறங்காத செலவு

புதிதில் எழுபது லட்சத்துக்கு விற்ற ஜெர்மன் டீசல் எஸ்யூவி ஒன்று, பத்து வருடம் ஓடிய பிறகு பதினைந்து லட்சத்துக்குப் பேசப்படுகிறது. அதே பணத்துக்குப் புதிய ஹூண்டாய் கிரெட்டா கிடைக்கும். அடையாறிலும் தி.நகரிலும் வசதியான நடுத்தரக் குடும்பங்கள் பல இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முதலாவதன் பக்கம் சாய்கின்றன. அவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். அதன் இன்ஜெக்டரும் டர்போவும் கியர்பாக்ஸும் இன்றைக்கும் எழுபது லட்ச வண்டியின் விலையில்தான் விற்கின்றன.

முதல் சிக்கல் நம் ஓட்டம். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து பாண்டி பஜாருக்கு ஐந்தாறு கிலோமீட்டர்கூட இல்லை. லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் மெட்ரோ வேலை, வழி நெடுக சிக்னல். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. டீசல் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டிக்கு இந்த ஓட்டம் எமன். சேர்ந்த கரியை எரிக்க அதற்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்குச் சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்ற பிஎஸ்-6 டீசல் கார்களில் இந்த வடிகட்டி உண்டு; ஐரோப்பிய சொகுசு வண்டிகள் பலவற்றில் அதற்கு முன்பே வந்துவிட்டது.

கரியை எரிப்பதற்காகப் பல இன்ஜின்கள் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள் தாமதமாகப் பீய்ச்சும். வேலை முடியுமுன் இன்ஜினை அணைத்தால் எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். நீர்த்த ஆயில் டர்போவையும் பேரிங்கையும் டைமிங் செயினையும் அரிக்கும். லேண்ட் ரோவரின் 2 லிட்டர் இன்ஜினியம் டீசலில் இது உலகெங்கும் பேசப்பட்ட புகார். டேஷ்போர்டில் டிபிஎஃப் லைட் எரிந்தால் ஸ்கேனர் போட்டு அழித்துவிடலாம் என்று சொல்லும் ஷெட்டை நம்பாதீர்கள். லைட் அணையும், கரி அங்கேயே இருக்கும்.

அடுத்தது, அந்தந்த இன்ஜினின் பிறவிக் குறைகள். பிஎம்டபிள்யூ எக்ஸ்1, எக்ஸ்3 வண்டிகளில் வந்த என்47 டீசலில் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. முக்கியமாக 2011-க்கு முந்தைய இன்ஜின்களில் செயின் தேய்ந்து அறுந்த கதைகள் ஏராளம். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்; இன்ஜின் முடிந்தது. அறுவதற்கு முன்பே மாற்றினாலும், செயினை எட்டுவதற்காக இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அதே நிறுவனம், புகையைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் அமைப்பின் கூலர் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக 2018-ல் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ பூட்டப்படுகிறது என்பதால் ஸ்பேர் மலிவாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

மெர்சிடிஸ் எம்எல், ஜிஎல் வண்டிகளின் ஓஎம்642 வி6 டீசலில் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் ரப்பர் சீல் வெப்பத்தில் காய்ந்து ஆயில் கசியும். சீலின் விலை சொற்பம். ஆனால் அதைத் தொட டர்போவையும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றியாக வேண்டும். பில்லில் பாகம் ஒரு வரி, லேபர் ஒரு பக்கம். ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், டிஸ்கவரி வண்டிகளில் வந்த 2.7, 3.0 லிட்டர் வி6 டீசலின் நோய் இன்னும் கொடியது: பேரிங் சுழன்று கிராங்க் ஷாஃப்ட் உடைவது. அப்போது மாற்று இன்ஜின்தான் வழி. அந்தச் செலவு வண்டி வாங்கிய விலையையே எட்டிப் பிடிக்கும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை இரவு நிறுத்திய இடத்தில் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் அந்தச் சக்கரத்தின் ரப்பர் பையில் வெடிப்பு விழுந்து காற்று கசிகிறது என்று பொருள். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். ஒரு பையை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ள முடியாது. ஒரே வயதுள்ள மற்ற மூன்றும் வரிசையில் நிற்கும். கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். இந்த வண்டிகள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. எண்பதாயிரம் ஓடிய வண்டியில் அந்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜெக்டர் ஒன்று நாற்பதாயிரம் என்றே வையுங்கள். ஆறு சிலிண்டருக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதோடு டர்போ, ஏர் சஸ்பென்ஷனில் இரண்டு மூலை, கியர்பாக்ஸ் ஆயில், நான்கு டயர் சேர்ந்தால் ஐந்தாறு லட்சம் சாதாரணமாகக் கரையும். புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடலாம். கதவுக்கும் பம்பருக்கும் அது சரி. ஆனால் கண்ட்ரோல் யூனிட்டுகள் பலவற்றை வண்டியின் சேஸிஸ் எண்ணோடு கோடிங் செய்தால்தான் வேலை செய்யும். பழைய இன்ஜெக்டரின் மிச்ச ஆயுளை யாரும் சொல்ல முடியாது.

சென்னைக்கே உரிய ஆபத்து வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியது. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் தேங்கியது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியை மூழ்கடித்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் காப்பீட்டு நிறுவனங்கள் டோட்டல் லாஸ் என்று கழித்துவிட்ட கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, மறுபடி சந்தைக்கு வருகின்றன. பழைய ஆடி க்யூ7, மெர்சிடிஸ் எம்எல் வண்டிகளில் பேட்டரியே முன் சீட்டுக்கு அடியில்தான். முழங்கால் அளவுத் தண்ணீரே போதும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் ரெயிலிலும் ஸ்டெப்னி குழியிலும் துரு இருந்தால் பேச்சை அங்கேயே முடியுங்கள்.

டெல்லி பதிவெண் வண்டி இன்னும் மலிவாக வரும். பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. 2025-ல் நீதிமன்றம் பிடியைத் தளர்த்தினாலும், அந்த அச்சத்தில் கைமாறிய வண்டிகள் நாடெங்கும் பரவிவிட்டன. வாங்கினால் என்ஓசி, மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் உங்கள் தலையில். வரியை விசாரிக்காமல் விலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்றால், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நொடிகளில் டைமிங் செயின் உரசும் சத்தம் வந்தால் விலகுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பணம் கட்டி, லிஃப்டில் ஏற்றி, எல்லா மாட்யூலையும் ஸ்கேன் செய்யுங்கள். அதற்கு விற்பவர் மறுத்தால் அதுவே பதில். வாகன் என்ற அரசு இணையப் பதிவில் எத்தனை ஓனர், கடன் நிலுவை உண்டா என்று பாருங்கள். பழைய காப்பீட்டு க்ளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வங்கியில் போட்டுவையுங்கள். டிபிஎஃப் அடைக்காமலிருக்க வாரம் ஒருமுறை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை சீராக ஓட்டுங்கள்.

அந்த மூன்றில் ஒரு பங்கு கையில் இல்லாதவரும், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு தாண்டி ஓட்டாதவரும் பழைய டீசல் சொகுசு எஸ்யூவியை வாங்கவே கூடாது. பதினைந்து லட்சத்துக்குப் புதிய பெட்ரோல் கார் ஒன்றை வாரண்டியோடு எடுத்து நிம்மதியாக இருங்கள்.