கூரைக்கடியில் முக்குளித்தல்

மெக்சிகோ நாட்டின் யுகாத்தான் தீவக்குறையின் வடபகுதியில் தரைமேல் ஓடும் ஆறுகள் இல்லை. பெய்யும் மழையைச் சுண்ணாம்புக்கல் நிலம் அப்படியே உள்வாங்கிக்கொள்கிறது. மண்ணிலுள்ள கரியமில வளியைக் கரைத்துக்கொண்டு இறங்கும் நீர் மென்காடியாகிப் பாறையை அரித்துக் குகைகளைக் குடைந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் வறண்டு கிடந்த குகைகளில் கூரைச்சொட்டு நீர் பாறை விழுதுகளையும் தூண்களையும் வளர்த்தது. பனி உருகிக் கடல் ஏறவே, நிலத்தடி நீரும் ஏறி அவற்றை மூடியது. கூரை இடிந்து வாய் திறந்த இடங்களே செனோட்டேக்கள். சாக் ஆக்தூன், தோஸ் ஓஹோஸ் என்னும் இரு குகைத்தொடர்களும் ஒன்றே என 2018ஆம் ஆண்டில் உறுதிப்பட்டபோது, அளந்தறியப்பட்ட நீளம் 347 கிலோமீட்டர் ஆயிற்று.

இக்காட்சியைக் காண வரும் முக்குளிப்போரில் மிகப் பலர் திறந்தநீர்ச் சான்று மட்டுமே பெற்றவர்கள். ஒரு வழிகாட்டியின் பின்னால், முன்பே கட்டப்பட்ட கயிற்றை ஒட்டி, பகலொளி எட்டும் குகைமுகப்பில் ஒரு சுற்று நீந்தி வருகின்றனர். கூரைக்கடியில் நீந்தப் பயிலாத ஒருவர் இவ்வாறு செல்லலாமா? கூடாது என்பதே என் முடிவு. ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

திறந்தநீர்ப் பயிற்சியில் இடர் நீக்கும் வழிகள் பலவாகத் தோன்றினும் அவை அனைத்தும் முடியும் இடம் நீர்ப்பரப்பே. காற்று தீர்ந்ததா, கருவி பழுதா, துணைவரைக் காணவில்லையா, மெல்ல மேலே வா என்பதே கற்பிக்கப்படுவது. கடலில் அது சரியான பாடம். தலைக்குமேல் பாறை இருக்குமிடத்தில் அதே பாடம் ஒருவரைக் கூரையில் கொண்டுபோய் முட்டவைக்கும். அங்கு மேலே செல்லும் வழி பக்கவாட்டில் இருக்கிறது.

யுகாத்தானில் ஒழுங்காகச் சுற்றுலா நடத்துவோரின் நெறிகள் குறைகூறத்தக்கவை அல்ல. வெளிநீரிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் செல்வதில்லை. ஒரு வழிகாட்டிக்கு நால்வருக்கு மேல் சேர்ப்பதில்லை. வழிகாட்டி முழுக் குகைப்பயிற்சி பெற்று, இரட்டைக் காற்றுக்கலன் சுமந்து வரவேண்டும். இந்நெறிகளால் பெரும்பாலானோர் நலமாகத் திரும்புகின்றனர் என்பதும் உண்மையே. எனினும் ஒரு முரண் உறுத்துகிறது. குகைமுகப்புப் பயிற்சியை முடித்தவருக்கே பி.ஏ.டி.ஐ. என்னும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பு, ஆழத்தையும் சேர்த்து நீர்ப்பரப்பிலிருந்து 40 மீட்டர் என எல்லை வகுத்துள்ளது. பயிற்சியே பெறாத பயணி அதனினும் நெடுந்தொலைவு செல்கிறார்!

காற்றின் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். மூன்றில் ஒரு பங்கு உட்செல்ல, ஒரு பங்கு வெளிவர, ஒரு பங்கு இடருக்கு என்பது குகை முக்குளிப்போரின் அடிப்படை விதி. 11 லிட்டர் கலனில் 200 பார் அழுத்தத்தில் உள்ள காற்று ஏறத்தாழ 2,200 லிட்டர். அமைதியாக மூச்சுவிடும் ஒருவர் தரையளவில் நிமிடத்திற்கு 20 லிட்டர் செலவிட்டால், அழுத்தம் இருமடங்காகும் 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் செலவிடுவார். மூன்றில் ஒரு பங்கு அவருக்கு 18 நிமிடம் வரும். உட்புறக் கோடியில் ஒருவரின் காற்று முற்றும் அற்றுப்போகிறது என்று கொள்வோம். துணைவரின் கலனில் எஞ்சிய இரு பங்கை இருவரும் பகிர்ந்தால் அதே 18 நிமிடம் கிடைக்கும். வெளிவரத் தேவையும் 18 நிமிடமே; மிச்சம் ஏதுமில்லை. அச்சத்தால் மூச்சு இருமடங்கானால் 9 நிமிடத்தில், பாதி வழியில், கணக்கு முடிந்துவிடும்.

60 மீட்டரை நீந்த ஐந்தாறு நிமிடம் போதாதா எனக் கேட்கலாம். தெளிந்த நீரில் போதும். வழி தெரிந்தவருக்கும் போதும். ஆனால் குகைத் தரையில் படிந்திருக்கும் வண்டல் மாவினும் நுண்ணியது. கடலில் பழகியவாறு காலை மேலும் கீழும் அடித்தால் அது கிளம்பி, சில நொடிகளில் பகலொளியையும் கைவிளக்கையும் ஒருசேர மறைக்கும். விட்ட மூச்சின் குமிழ்களே கூரையில் மோதித் துகள்களை உதிர்ப்பதும் உண்டு. அப்போது கயிற்றை விரலால் தடவிக்கொண்டு, அருகிலுள்ள வாய் எத்திசையில் என்பதை அறிந்து நகரவேண்டும். சுற்றுப்பாதையில் முன்னோக்கிச் செல்வதா, வந்த வழியே திரும்புவதா என்பதை வழிகாட்டி அறிவார். பின்தொடர்பவர் பெரும்பாலும் அறியார்.

கடற்கரையை அண்டிய செனோட்டேக்களில் இன்னொன்றும் உண்டு. மேலே நன்னீர், கீழே உவர்நீர் என இரு படலங்கள் அமைந்துள்ளன. முதலில் கடப்பவர் எல்லையைக் கலக்கிவிடுவதால், பின்வருவோர்க்கு ஒளி கோணலாகி எல்லாம் மங்கித் தெரியும். அதே நேரத்தில் மிதப்பும் மாறுகிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரை அளவு அடர்த்தி மிக்கது. கருவிகளுடன் 90 லிட்டர் நீரை விலக்கும் ஒருவர், உவர்ப்படலத்துள் இறங்கியதும் இரண்டு கிலோவுக்கு மேலான மேல்தூக்கத்தை உணர்வார். இதைச் சட்டெனச் சரிசெய்யத் தெரியாதவர் ஒன்று கூரையைத் தொடுவார், அல்லது காலை உதைத்து வண்டலைக் கிளப்புவார்.

இவை அனைத்திற்கும் வழிகாட்டி இருக்கிறாரே என்பர். அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்பதே இடர். அவர் முன்னே நீந்துகிறார். கடைசியில் வருபவரை எப்போதும் காண்பதில்லை. அவருக்கே நலம் குன்றினால் அவருடைய சான்றிதழும் இரட்டைக் கலனும் பின்னிருப்போர்க்கு உதவா. அவர் நெறி பிறழ்ந்தால், பிறழ்ந்தார் என்று கண்டுகொள்ளும் அறிவும் அவர்களிடம் இராது. 2012ஆம் ஆண்டில் சாக் மூல் செனோட்டேயில் நிகழ்ந்தது இதுதான். முகப்பைக் கடந்து குகைப்பகுதிக்குள் சென்ற வழிகாட்டியும், அவரைத் தொடர்ந்த பயணியர் இருவரும் உயிரிழந்தனர்.

அமெரிக்கக் குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி, இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் நூலாக்கினார். வெளிவரை அறுபடாத கயிறு இல்லாமை, வெளியேற இரு பங்கு காற்றை ஒதுக்காமை, ஆழம் மீறுதல் ஆகியவற்றை அவர் சுட்டினார். பின்னாளில் அப்பட்டியலின் முதலிடத்தில் பயிற்சியின்மை வைக்கப்பட்டது. பயின்றவரும் இறப்பதுண்டு, எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் சக்காத்தோன் செனோட்டேயின் ஆழத்தில் மாண்டார். ஆயினும் அவர் எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்தே இறங்கினார்.

இனி விலக்கு. புளோரிடா மாநிலத்தின் ஜின்னி ஊற்றில் அகன்ற குகைமுகப்பு ஒன்று உள்ளது. அதன் கோடியில், குகை தொடங்குமிடத்தில், இரும்புக் கம்பித் தடுப்பு பொருத்தியுள்ளனர். திறந்தநீர்ச் சான்று பெற்றவர்கள் அங்கு விளக்குடன் செல்லலாம். அதே வளாகத்தில் தடுப்பில்லாத மற்றொரு குகைத்தொடரின் வாயில்களில் அவர்கள் விளக்கே கொண்டு செல்லக்கூடாது. விளக்கு கையில் இருந்தால் இருளுக்குள் செல்லும் ஆவல் எழும் என்பதால் இவ்விதி. மனித இயல்பை நன்கறிந்தோர் வகுத்த ஏற்பாடு. உள்ளே வழிதவற இடமில்லாமல், வாய் கண்முன்னே விரிந்திருக்கும் இத்தகைய இடத்திற்கு மட்டும் பயிலாதவர் செல்வதில் எனக்கு மறுப்பில்லை.

செனோட்டே சுற்று அவ்வகையன்று. குகைமுகப்புப் பயிற்சிக்கு இரண்டு மூன்று நாள் போதும். அதே யுகாத்தானில், அதே நீரில் கற்பிக்கின்றனர். அங்குச் செல்லத் திட்டமிடுவோர் அந்நாட்களை முதலில் ஒதுக்கிப் பயின்று, அதன்பின் சுற்றுக்குப் பணம் கட்டுக.